பீரங்கி கழற்றிய படகு

கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்கு அரிசி ஆலையில் இன்ஜின் டிரைவர் வேலை என்றுதான் சொன்னார்கள். நயினார்கோவில் பக்கம், எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்த ஆலை இருந்தது. காலையில் போனால் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள் என்று என்னைப் பெற்ற அய்யாவுக்குத் திருப்தி. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம் என்பதும், உலகச் சண்டைக் காலத்தில் நேவியில் இன்ஜின் வேலை பார்த்தவர் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் சண்டை முடிந்து, ஆட்களைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இனிமேல் அவருக்கும் கடலுக்கும் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டோம். கண்மாயும் கருவேலமரமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். என் வீட்டில் ஒருவர்கூடக் கடலில் கால் நனைத்ததில்லை.

மகள் பிறந்து தவழ ஆரம்பித்திருந்தபோது தங்கச்சிமடத்துச் சம்மாட்டி ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அந்தக் கரையில் படகுக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். கொச்சியில் நேவிக்காரர்கள் ஏலம் விட்டபோது அவர் ஒரு சண்டைப் படகை வாங்கியிருந்தார். கரையோரம் ரோந்து சுற்றிய படகு. பாம்பன் வரைக்கும் யாரோ ஓட்டிக்கொண்டு வந்து விட்டுப் போய்விட்டார்கள். அதற்குமேல் அதன் இன்ஜினைத் தொட உள்ளூரில் ஆள் இல்லை.

"உன்னய விட்டா ஆளு இல்லப்பா. நம்ம ஊருப் பய நீ. வந்துரு" என்றார் சம்மாட்டி.

அன்றைக்கு மத்தியானம் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். நான் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "கடலுன்னா பயமா?" என்று கேட்டேன்.

"கடலுக்குப் பயமில்ல. இன்ஜின் ரூமுதான். உள்ள இறங்கிட்டா மேல என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. ஒருக்கா எங்க போட்டுக்கு மேல குண்டு விழுந்துச்சு. நான் கீழ எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கேன். சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. மேல ஏறி வந்து பாத்தா, காலைல எங்கூடச் சாயா குடிச்சவன் அங்கன கிடக்கான்."

அதைச் சொன்னவர் ஒரு வாரத்தில் தங்கச்சிமடம் போக ஒத்துக்கொண்டார். சொந்த ஊர் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கும் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சட்டி பானையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் தீவுக்கு வந்து சேர்ந்தோம்.

படகை முதல் தடவை பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரையில் நின்ற பாய்மர வள்ளங்களுக்கு நடுவில் அது மட்டும் வேறு சாதியாக இருந்தது. உடம்பு முழுக்கச் சாம்பல் வர்ணம். மூக்கில் வெள்ளையாக ஒரு எண் எழுதி, அதைத் தாரால் பாதி அழித்திருந்தார்கள். இரண்டு அடுக்குப் பலகையை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டு இறுக்கிய உடம்பு. நடுவில் பெட்டி மாதிரி ஒரு அறை, அதற்குள் சுக்கான் சக்கரம். பாய்மரம் கிடையாது. முன் தளத்தில் பீரங்கி இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குத்தி. பீரங்கியைக் கழற்றிக்கொண்டு குத்தியை விட்டுவிட்டார்கள். அதன் போல்ட்டுகள் பலகையைத் துளைத்து அடியில் விட்டத்தோடு பிடித்திருந்ததால், பிடுங்கினால் தளம் கிழிந்துபோகும் என்றார் என் வீட்டுக்காரர்.

ஊரில் அதற்கு 'மனுவார் போட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். சண்டைக் கப்பலை அந்தக் காலத்து ஆட்கள் மனுவார் என்றுதான் சொல்வார்கள். அதில் இரண்டு இன்ஜின்கள் இருந்தன. சரக்கு வைக்க இடம் வேண்டுமென்று சம்மாட்டி ஒன்றைக் கழற்றி விற்றுவிட்டார். பீரங்கியும் போய், குண்டுகளும் போய், ஒரு இன்ஜினும் போனதில் படகு தக்கை மாதிரி ஆகிவிட்டது. சின்ன அலைக்கெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். அடியில் கல்லைப் போட்டு நிறைத்தார்கள். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை. ஒற்றை இன்ஜின் தள்ளுவதால் எப்போதும் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். சுக்கான் பிடிக்கிறவர் அதை மறுபக்கம் திருப்பித் திருப்பிக் கை ஓய்ந்துபோவார்.

சுக்கான் பிடித்தவர் புதுமடத்து முஸ்லிம். எல்லாரும் அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம், அண்ணன் என்கிற மாதிரி. பாய்க்கப்பலில் ரங்கூன் வரைக்கும் போய் வந்தவர். அவருக்கே இந்தப் படகின் மேல் நம்பிக்கை இல்லை. "பாயும் இல்ல, துடுப்பும் இல்ல. உம்புருசன் இன்ஜின் நின்னா இது மிதக்குற கட்டைதான் தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

தூத்துக்குடிக்குக் கருவாடும் தேங்காயும் கொண்டு போவார்கள். வரும்போது அரிசி, சீமெண்ணெய், சில சமயம் ஓடு. காற்றுச் செத்த நாட்களில் மீன் ஏற்றிய வள்ளங்களை வரிசையாகக் கயிறு கட்டி இழுத்து வருவார்கள். அந்த வேலையில் மட்டும் ஊர்க்காரர்களுக்கு மனுவார் போட்டின் மேல் மரியாதை.

நான் அதன் சத்தத்தைத் தெரிந்துகொண்டேன். அடுப்படியில் இருந்தாலும், கிணற்றடியில் இருந்தாலும் என் காது வடக்கே கடல் பக்கம்தான் இருக்கும். தட தட என்று ஒரே சீராக வந்தால் சரி. நடுவில் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவேன். டீசல் பீப்பாயில் தண்ணீர் கலந்துவிடும் என்றும், அது குழாயில் போனால் இன்ஜின் நின்றுவிடும் என்றும் அவர்தான் சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் கடலோடு பிறந்தவர்கள். அவர்களும் பயப்படுவார்கள், ஆனால் பயத்தை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காற்றைப் பார்த்து, மேகத்தைப் பார்த்து, இன்றைக்கு நேரமாகும் என்று சொல்லிவிட்டு மீன் அலசப் போய்விடுவார்கள். இன்ஜினுக்குக் காற்று ஏது, மேகம் ஏது? எதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வது? ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய நாளுக்கு வரவில்லை. நான் கோயிலில் முழங்கால் போட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் வாயில் ஜெபம் வரவில்லை. கண்ணை மூடினால் சாம்பல் நிறக் கட்டை ஒன்று மிதக்கிற மாதிரியே இருந்தது. மறுநாள் வந்து சேர்ந்தார்கள். பாம்பன் பாலம் தூக்குவதற்காகக் காத்திருந்தார்களாம், அவ்வளவுதான்.

அந்த வருஷம் மகளுக்குக் கக்குவான் வந்தது. இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, மூச்சு உள்ளே போகாமல் விறைத்துப் போவாள். கச்சத்தீவு அந்தோணியாருக்கு மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்தக் கோயில் நடுக்கடலில் இருக்கிறது என்று.

தவக்காலத்தில் அங்கே திருவிழா. எப்போதும் வள்ளங்களில்தான் போவார்கள். அந்த வருஷம் பார்த்து இரண்டு மூன்று நாளாகக் காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. சில வள்ளங்கள் முதல் நாளே துடுப்புப் போட்டுக் கிளம்பிவிட்டன. மிச்சப் பேர் எல்லாரும் சம்மாட்டி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளை குட்டிகளோடு படகு நிறைந்துபோனது. காக்கா, "இதுக்கு மேல ஒருத்தரும் ஏறக்கூடாது. கோழியைக் கூட ஏத்தமாட்டேன்" என்று கத்தினார். அதற்குப் பிறகும் சிலர் ஏறினார்கள்.

கச்சத்தீவில் ஒதுங்க நிழல் கிடையாது. பந்தல் போடுவதற்காக மூங்கில்களையும் ஓலைப்பாய்களையும் சம்மாட்டியின் மனைவி எடுத்து வந்திருந்தார். தளத்தில் இடம் இல்லாததால் அவற்றை ஒரே கட்டாகக் கட்டி, பீரங்கிக் குத்தியின் மேல் சாய்த்து, காய்ந்த ஓலை நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போட்டுப் போர்த்திக் கயிறு கட்டினார்கள். ஒரு நீள மூங்கில் மட்டும் தார்ப்பாய்க்கு வெளியே முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். கீழே இன்ஜின் அறைக்கு இறங்குகிற ஓட்டைக்குப் பக்கத்திலேயே நான் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய தலையும் தோளும் தெரியும். எண்ணெய் நாற்றமும் சூடும் முகத்தில் அடித்தது. பெண்கள் பாட்டுப் பாடினார்கள். ராமேஸ்வரம் கோபுரம் கடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உச்சி மட்டும் தெரிந்து, அதுவும் மறைந்தது. அதன் பிறகு எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை. எல்லாப் பக்கமும் தண்ணீர்.

பாதி தூரம் தாண்டியிருப்போம். இன்ஜின் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

பாட்டும் நின்றது. இவ்வளவு நேரம் சத்தத்தில் இருந்துவிட்டு, திடீரென்று தண்ணீர் பலகையில் தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. படகு மெல்லத் திரும்பிப் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்று ஓட்டைக்குள் குனிந்து கேட்டேன்.

"எண்ணெய்ல தண்ணி. குழாயெல்லாம் கழட்டி ஊதணும். யாரையும் இங்கன எட்டிப் பாக்க விடாத. வெளிச்சத்த மறைக்காதீக" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் காக்கா சுக்கானை விட்டு வெளியே வந்து தண்ணீரைப் பார்த்தார். ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு அது போகிற திசையைக் கவனித்தார். அவர் முகம் மாறியது. "நீரோட்டம் அக்கரைப் பக்கமா இழுக்குது" என்று பக்கத்தில் நின்ற ஆட்களிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்டது. அப்போது அக்கரையில், யாழ்ப்பாணக் கரையில், காவல் கடுமையாகியிருந்தது. பிழைப்புக்காகத் திருட்டுத்தனமாகக் கடல் தாண்டிப் போகிறவர்களைக் கள்ளத்தோணி என்று பிடித்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். சம்மாட்டியின் மனைவி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு வரும்போது தெற்கேயிருந்து இலேசாகக் காற்று எடுத்தது. மீன்பிடிக்கிற ஆட்களுக்குக் காற்றுப் பட்டால் கை சும்மா இருக்காது. "மூங்கி இருக்கு, தார்ப்பாயி இருக்கு. பாய் கட்டுவோம்" என்று ஒருவர் சொன்னார். காக்காவுக்கும் அது சரியென்று பட்டது. ஆட்கள் ஏழெட்டுப் பேர் முன் தளத்துக்கு ஓடிப்போய்க் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு ரோந்துக் கப்பல் தெரிந்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு நேராக எங்களைப் பார்த்து வருகிற மூக்கு, அதன் இரண்டு பக்கமும் வெள்ளை நுரை. எங்கள் ஆட்களுக்கு உயிர் வந்தது. உதவிக்கு ஆள் வருகிறது என்று துண்டை எடுத்து வீசினார்கள். கப்பல் பக்கத்தில் வராமல் தூரத்திலேயே நின்றது. ஒலிபெருக்கியில் யாரோ இங்கிலீஷில் கத்தினார்கள். அது கரகரவென்றுதான் வந்தது. எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

"என்னமோ கேக்குறான். நீங்க வேலையப் பாருங்க, பாய் ஏறட்டும்" என்றார் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்.

நான் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முன் தளத்திலும் தார்ப்பாய் போட்டுப் போர்த்திய ஒரு கட்டு இருந்தது. இரண்டு பேர் ஓடி வந்து அந்தத் தார்ப்பாயை இழுத்தார்கள். உள்ளே இருந்தது மூங்கில் இல்லை. அது மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்து நின்றது.

எனக்குக் கப்பலும் தெரியாது, பீரங்கியும் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் இரண்டு தளங்களும் என் கண்ணில் ஒன்றாகத் தெரிந்தன. சாம்பல் நிறப் படகு, மூக்கில் எண், குத்தியின் மேல் தார்ப்பாய், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற நீளமான ஒன்று, அதைச் சுற்றி அவசரமாக வேலை செய்கிற ஆண்கள். அவர்கள் எங்களைப் பார்ப்பதும் இப்படித்தான்.

பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவள் மடியில் போட்டுவிட்டு அந்த ஓட்டைக்குள் இறங்கினேன். இறங்குவது என்ன, விழுந்தேன். ஏணிக் கம்பி சுட்டது. உள்ளே அவர் வாயில் ஒரு செம்புக் குழாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார். உதட்டில் டீசல்.

"மேல வாங்க. ஒரு கப்பல் வந்து நிக்குது. பீரங்கிய நம்மளப் பாத்துத் திருப்பிட்டான். நம்ம ஆளுக தார்ப்பாய அவுக்குறாக."

அவர் குழாயைக் கீழே போட்டார். நான் அதற்குமேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். ஏறின வேகத்தில், "தார்ப்பாய விடுலே! எல்லாரும் கைய எடு! அங்கன யாரும் நிக்காதீக, உக்காரு, உக்காரு!" என்று அவர் போட்ட சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ஆட்கள் அப்படியே திகைத்து உட்கார்ந்தார்கள். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இங்கிலீஷில் கத்தினார். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் குரல் போய்ச் சேரவில்லை. ஒலிபெருக்கி திரும்பவும் அதையே கத்தியது.

அவர் என் பக்கம் திரும்பினார். "பொம்பளைகள முன்னால கூட்டிட்டு வா. பிள்ளைகளத் தூக்கிக் காட்டச் சொல்லு. இது சண்டைப் போட்டு இல்லன்னு தெரியணும். சீக்கிரம்."

நான் போய்ச் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று பிள்ளைகளோடு வந்த ஒருத்தி என் கையைத் தட்டிவிட்டாள்.

"என்ன பேசுற நீ? பீரங்கிக்கு முன்னால பிள்ளையத் தூக்கிக் காட்டச் சொல்றியா? உம்பிள்ளைன்னா செய்வியா?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. நான் என் மகளை வாங்கிக்கொண்டு முன் தளத்துக்குப் போனேன். படகு ஆடிய ஆட்டத்தில் நிற்க முடியவில்லை. அந்த இரும்புக் குத்தியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினேன். அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுதாள். எதிரே தண்ணீருக்கு அந்தப் பக்கம் பீரங்கி வாயின் கறுப்பு ஓட்டை. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தோணியாரைக் கூப்பிட்டேனா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இல்லை. பிள்ளை நழுவிவிடக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

சம்மாட்டியின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். பருத்த உடம்பு, நடக்கவே சிரமப்படுவார். யாருடைய பிள்ளையையோ தூக்கி வந்திருந்தார். பிறகு ஒருத்தி, பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசியாக என் கையைத் தட்டிவிட்டவளும் வந்தாள். அழுதுகொண்டே கடைக்குட்டியைத் தூக்கிப் பிடித்தாள். காக்கா, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று முணுமுணுத்துக்கொண்டே எங்கள் பின்னால் நின்று மூங்கில் ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடலில் போட்டார்.

கை வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் அந்தப் பீரங்கி வேறு பக்கம் திரும்பியது. அதைப் பார்த்ததும் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டேன். தளத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கரை நேவியின் அந்தக் கப்பல் பக்கத்தில் வந்து கயிறு போட்டது. துப்பாக்கியோடு நாலைந்து பேர் இறங்கி மூட்டைகளைக் கிளறினார்கள். அரிசி, கருவாடு, மெழுகுவர்த்தி. அவர்களில் ஒரு பையன் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசினான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"கோயிலுக்கோ போறியள்? ஏன் மறுமொழி சொல்லேல்லை?"

"இங்கிலீசு தெரியாதுய்யா" என்றேன்.

அவன் என் பிள்ளையைப் பார்த்தான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "நல்லாப் பயந்து போனியளோ?" என்று கேட்டுவிட்டு, அவனுடைய அதிகாரி காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான்: "நாங்களும் பயந்துதான் போனம் அக்கா. நீங்கள் சுடப்போறியள் எண்டு நினைச்சம்."

அதைக் கேட்டதும் எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நேரம் அழவில்லை.

அவர்களுடைய அதிகாரி படகைச் சுற்றிப் பார்த்தார். இந்தச் சாதிப் படகில் அவரும் சண்டைக் காலத்தில் இருந்திருக்கிறார் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். இரண்டு இன்ஜினில் ஒன்று எங்கே என்று கேட்டாராம். விற்றுவிட்டார்கள் என்றதும் தலையில் அடித்துக்கொண்டாராம். அவர்களுடைய மெக்கானிக் ஒருவரும் என் வீட்டுக்காரரும் கீழே இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் ஒழுங்காகத் தெரியாது. ஆனால் கீழேயிருந்து ஒரே பேச்சாகக் கேட்டது. குழாய்களைக் கழற்றி, தண்ணீரை வடித்து, அவர்கள் கொடுத்த எண்ணெயை ஊற்றினார்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. திரும்பிப் போங்கள் என்று முதலில் சொன்னவர்கள், பிள்ளைகள் இருந்த நிலையைப் பார்த்துவிட்டு மனம் மாறி, தீவு கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் கூடவே வந்தார்கள்.

தீவில் எங்களுக்குப் பந்தல் இல்லை. மூங்கில் எல்லாம் கடலில் போயிற்று. யாரோ இரக்கப்பட்டு அவர்கள் நிழலில் இடம் கொடுத்தார்கள். சாயங்காலம் சிலுவைப்பாதை நடந்தபோது என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். கருப்பட்டிக் காப்பி வாங்கி வந்திருந்தார். என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னது சரியென்று எனக்குத் தெரியும். வேறு வழி இல்லை என்றும் தெரியும். ஆனாலும் பெற்ற பிள்ளையைப் பீரங்கிக்கு முன்னால் தூக்கச் சொன்ன வாய் அது என்று மனது கசந்து கிடந்தது.

மறுநாள் மகளுக்கு மொட்டை போட்டோம். பூசை முடிந்து எல்லாரும் மூட்டை கட்டும்போது, "நான் இதுல ஏறமாட்டேன். வள்ளத்துல வாரேன்" என்றேன். அவர் போய்ப் பேசி, தெரிந்த ஒருவருடைய வள்ளத்தில் என்னையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டார்.

படகு எங்களுக்கு முன்னால் புறப்பட்டுப் போய்விட்டது. வள்ளத்துக்குக் காற்று வந்தது, நின்றது, திரும்ப வந்தது. வெயிலில் பிள்ளையின் மொட்டைத் தலையை என் முந்தானையால் மூடிக்கொண்டே இருந்தேன். வள்ளத்துக்காரர்கள் அவசரமே படவில்லை. பொழுது சாயும்போதுதான் தங்கச்சிமடத்துக் கரை தெரிந்தது. கரையில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மத்தியானத்திலிருந்து இப்படித்தான் நிற்கிறார், கூப்பிட்டாலும் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

வள்ளம் தரை தட்டியதும் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டார்.

"தெனமும் உனக்கு இப்படித்தான் இருக்குமா?"

"ஆமா" என்றேன்.

அவர் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அன்றையிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. படகு கரையைப் பார்த்துத் திரும்பும்போது, இன்னும் கண்ணுக்குத் தெரியாத தூரத்திலேயே இன்ஜினைக் கொஞ்சம் குறைத்துக் கூட்டுவார். அடுப்படியில் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். காக்கா முதலில் இன்ஜின் மக்கர் பண்ணுகிறது என்று பயந்தார். விஷயம் தெரிந்ததும் ஊரெல்லாம் சொல்லிக் கேலி பண்ணினார்.

திருவிழா முடிந்த கையோடு சம்மாட்டி கொல்லரைக் கூட்டி வந்து அந்தக் குத்தியை அறுத்துப்போட்டார். சாம்பல் வர்ணத்தின் மேல் நீலம் அடித்தார்கள். அறுத்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கிப் பலகை உளுத்தது. வருஷா வருஷம் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்தப் படகு பின்னும் பல வருஷம் ஓடியது. என் பயமும் கூடவே ஓடியது, கொஞ்சம் குறைந்து, சில நாள் கூடி. இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நான் மட்டும் திரும்ப அதில் ஏறவே இல்லை.

பிறகு சின்ன மோட்டார் படகுகள் கரைக்கு வர ஆரம்பித்தன. பெரிய படகுக்கு எண்ணெய் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. உப்புத் தோணிகளை இழுக்க ஆள் வேண்டுமென்று தூத்துக்குடிக்காரர் ஒருவர் வந்து அதைக் கேட்டார். சம்மாட்டி கொடுத்துவிட்டார். காக்கா படகோடு போனார். புது டிரைவருக்கு இன்ஜினின் சுபாவத்தைச் சொல்லிக் கொடுக்க என் வீட்டுக்காரர் பாம்பன் வரைக்கும் கூடப் போனார். பாலத்தைத் தூக்கி வழிவிட்டதும் படகு தெற்குக் கடலில் இறங்கியது. அவர் பாம்பனில் இறங்கி ரயிலேறி வீட்டுக்கு வந்தார். வரும்போது ஒரு பை நிறையக் கத்தரிக்காய் வாங்கி வந்திருந்தார். மறுநாள் காலையில் கரையோரம் கொட்டகை போட மூங்கில் வேண்டுமே என்று கேட்டார். மோட்டார் படகுகளின் இன்ஜின்களை இனிமேல் தரையில் வைத்தே பழுது பார்க்கலாம் என்றார். அந்தக் கத்தரிக்காயில் நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.